சூடானால் திக்கும் வண்டி

தன் கார் நடுரோட்டில் திக்கித் திணறி நிற்க வேண்டும் என்று பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். எங்கள் அபிராமபுரம் தெருமுனைப் பிள்ளையார்தான். சில்லு ஒன்று தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. போட்டவர் எங்கள் எதிர் ஃப்ளாட் சுயம்புலிங்கம். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், தி. நகரில் பெரிய பாத்திரக்கடை.

"என்ன சார், வியாபாரம் நன்னா நடக்கணும்னு வேண்டுதலா?" என்றேன். கேட்காமல் போனால் அது நான் இல்லை.

"அதில்ல மாமி. இன்னிக்கு மத்தியானம் வண்டி மட்டும் திக்கிட்டுன்னா, சாயங்காலம் ஒரு சாக்குத் தேங்கா உடைக்கேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி இன்னொரு முறை கும்பிட்டார். திக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வண்டி போய்விடும். வண்டி போவதோடு வீட்டில் அவர் பேச்சுக்கு இருந்த மரியாதையும் போய்விடும்.

அந்த வண்டி சிவப்பு. வெளிநாட்டில் பிறந்தது, தொண்ணூறுகளில் கப்பலேறி வந்தது, யார் யார் கையிலோ இருந்துவிட்டுக் கடைசியில் இவரிடம் சேர்ந்தது. இரண்டே சீட்டு. அதில் யாரும் ஏறுவதில்லை, இறங்கித்தான் உட்கார வேண்டும். அத்தனை தாழ்வு. பழைய வண்டியானாலும் கார்புரேட்டர் கிடையாது, அப்போதே இன்ஜெக்ஷன் என்று அவர் சொல்லும்போது, தன் பிள்ளை எல்கேஜியிலேயே பெருக்கல் வாய்ப்பாடு சொன்னதைச் சொல்லும் அப்பாவின் முகம் வரும். எங்கள் மாடி ஆடிட்டர் அந்த வண்டியைக் கடக்கும்போதெல்லாம் "மைலேஜ் எவ்வளவு தருது?" என்று கேட்பார். பொறாமையை அதைவிட மரியாதையாக விசாரிக்க முடியாது. எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாது. எங்கள் சாம்பல் நிற வண்டியில் ஐந்து பேர் உட்காரலாம். ஐந்து பேராக நாங்கள் எங்கேயும் போனதில்லை என்பது வேறு விஷயம்.

உண்மையான பொறாமை அவர் மனைவி சரோஜாதேவிக்குத்தான். அதில் ஒளிவு மறைவே இல்லை. அவளுடைய நல்ல சுங்குடிச் சேலை ஒன்றைக் கிழித்து அந்த வண்டியைத் துடைத்தாராம். "பாவம், வெயில்ல நிக்குது" என்று ஒருநாள் அதற்கு உறை வாங்கிப் போட்டாராம். "நான் அடுப்படியில நிக்கேன் மாமி, இத்தனை வருசத்துல என்னைப் பாத்து ஒருநாள் பாவம்னு சொன்னதில்ல" என்று என்னிடம் சொன்னாள். நியாயம்தானே?

சித்திரை பிறந்த பிறகு கதை வேறு மாதிரி போக ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வரும் மனிதர், சாப்பிடுவதற்கு முன் சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு தினம் ஒரு சுற்றுப் போய்வந்தார். கேட்டால், "ஓட்டாம வெச்சா இன்ஜெக்டர் அடைச்சுக்கும்னு மெக்கானிக் பாய் சொல்லியிருக்காரு" என்பார். உச்சி வெயிலில் ஏன் என்றால், "அப்பத்தான் ரோடு காலியா இருக்கு" என்பார். திரும்பி வந்து இலைமுன் உட்கார்ந்தால் இரண்டு கவளம்தான். "வயிறு மந்தமா இருக்கு" என்று எழுந்துவிடுவார். சரோஜாதேவி ஒருநாள் பக்கத்தில் போய் முகர்ந்தே பார்த்திருக்கிறாள். சென்ட் வாசனை இல்லை. இஞ்சி வாசனை. மந்தத்துக்கு இஞ்சி மென்றேன் என்றாராம்.

அந்தச் சமயத்தில்தான் பெசன்ட் நகரிலிருந்து என் ஓர்ப்படி போன் செய்தாள். "உங்க தெருவுல ஒரு சிவப்புக் கார் உண்டே, அது தினம் மத்தியானம் எங்க தெருவுல ஒரு வீட்டு வாசல்ல வந்து நிக்கறதே, யாரோடது?" என்றாள். எந்த வீடு என்று கேட்டேன். வேகத்தடைக்கு நேர் எதிர் வீடு. வாசலில் பலகை: மதுமதி, பிசியோதெரபி. கழுத்து, முதுகு, மூட்டு.

ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் எப்படிச் சமைப்பேன்? கொத்தமல்லி கேட்கும் சாக்கில் எதிர் ஃப்ளாட்டுக்குப் போனேன்.

"ஏன் சரோஜா, உங்காத்துக்காரருக்கு மூட்டு வலி ஏதாவது உண்டா?"

"இல்லியே மாமி. ஏன் கேக்கிய?"

"சும்மாதான்."

எங்கள் தெருவில் 'சும்மாதான்' என்று யாராவது சொன்னால் உடனே நாற்காலி போடுவார்கள். போட்டாள். கொத்தமல்லியை வாங்க மறந்து திரும்பினேன்.

அன்று சாயங்காலம் அவர்கள் கூடத்தில் நடந்தது அத்தனையும் என் சமையலறை ஜன்னல் வழியே கேட்டது. ஜன்னலை மூடினால் புழுக்கம்.

"வண்டி சூடானா திக்குது சரோஜா. வேகத்தடையில மெதுவாக்கிட்டு மறுபடி மிதிச்சா இழுக்க மாட்டேங்கு. சளி பிடிச்சவன் மாதிரி ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நின்னுருது. கொஞ்சம் ஆறினாத்தான் கிளம்பும். நான் என்ன செய்ய?"

"ஊர்ல வேற வேகத்தடையே இல்லியாக்கும்?" கோபம் வந்தால் சரோஜாதேவியின் பேச்சில் தாமிரபரணி கரைபுரளும். "மயிலாப்பூர்ல திக்காது, அடையார்ல திக்காது, அவ வாசலுக்குப் போயித்தான் திக்குமோ? வண்டி திக்குதா, நீங்க திக்குதியளா?"

ஆக வண்டி திக்குகிறது என்று நிரூபித்தாக வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஹபீபுர் ரஹ்மான் பாயை வரவழைத்தார்கள். பழைய இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு அவர்தான் என்று பெயர். வெள்ளைச் சட்டை, காதுமடலில் அத்தர், கையில் கிரீஸ் பட்டதற்கான அடையாளமே இருக்காது. சுயம்புலிங்கத்தின் வண்டியைத் தவிர வேறு வண்டிக்கு வீடு தேடி வரமாட்டாராம். இதை அவரே சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

பானெட்டைத் திறந்து பார்த்தவரின் முகம் இருண்டது.

"யார் சார் இதுல கை வெச்சது?"

"யாரும் வைக்கலியே பாய்."

"இந்த ஒயரைக் கட்டிக்கீற பிளாஸ்டிக் டையைப் பாருங்க. மஞ்சக் கலர். நம்ம கை கறுப்பு தவிர வேற கலர் கட்டாது. இத்தினி வருசமா நான் பாத்துக்கினு கீற வண்டி சார் இது. என்கிட்டயே மறைக்கிறீங்களே!"

சுயம்புலிங்கம் தலையைச் சொறிந்தார். "ஒரு ஏசி கேரேஜ்ல கம்ப்யூட்டர் மாட்டிப் பாக்கேன்னாங்க... ஒரே ஒரு தடவை பாய்..."

"ஒரு தடவையோ நூறு தடவையோ, போனது போனதுதானே!"

பால்கனியிலிருந்து சரோஜாதேவி எட்டிப் பார்த்தாள். "பாத்தியளா பாய்? உங்களுக்குத் தெரியாமலும் போயிருக்காரு!"

கம்ப்யூட்டர் என்ன சொன்னது என்று பாய் ஏளனமாகக் கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றதாம். பாய் தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று லஸ் வரை போய்த் திரும்பினார். காலை நேரம், மேகம் வேறு. இறங்கியவர், "பூ மாதிரி போவுது" என்றார். சுயம்புலிங்கத்தின் தலையில் அந்தப் பூ கல்லாக விழுந்தது.

போதாக்குறைக்கு மகேஷ். சரோஜாதேவியின் தம்பி. கல்யாணமான நாளிலிருந்து அவன் கண் அந்த வண்டிமேல்தான். அவனுடைய கல்யாணம்தான், அன்று மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அதைக் கேட்டு, இவர் தர மறுத்து, மணமேடையிலேயே முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன். அவன் விடியற்காலையில் மகாபலிபுரம் வரை ஓட்டிவிட்டு வந்து, "எங்கயும் திக்கல அத்தான். வெண்ணெயா போகுது. உங்களுக்கு இது சரிப்படலைன்னா குடுத்துருங்க, நானே எடுத்துக்கிடுதேன்" என்று தியாகம் செய்வதுபோல் சொன்னான்.

சரோஜாதேவி தீர்ப்பு எழுதிவிட்டாள். "நாளைக்கு மத்தியானம் நானும் வாரேன். பக்கத்துச் சீட்டுல உக்காருதேன். தினம் போற வழியிலயே போங்க. அவ வாசல்ல தானா திக்கிச்சுன்னா வண்டி உங்களுக்கு. திக்கலைன்னா சாவி மகேஷுக்கு. அப்புறம் உங்க மூட்டு வலியப் பத்தி நாம பேசுவோம்."

அதற்குத்தான் அந்தச் சிதறுகாய்.

உச்சிவெயில் ஏறியதும் பாய் வந்தார். இன்ஜினுக்குப் பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று காட்டும் வட்ட மீட்டர் ஒன்றை நீண்ட குழாயோடு மாட்டினார். அதை பானெட் இடுக்கு வழியாக வெளியே இழுத்து, முகம் உள்பக்கம் பார்க்கும்படி வைப்பரின் அடியில் செருகிக் கட்டினார். கறுப்பு டைதான்.

"மேடம், இந்த முள்ளு நிலையா நிக்கணும். வுழுந்துச்சுன்னா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். கண்ணை மட்டும் எடுத்துடாதீங்க."

"முள்ளை மட்டும் பாத்தா போதுமா பாய், ஓட்டுறவரையும் பாக்கணுமா?"

"முள்ளு போதும் மேடம். பொய் சொல்லாது."

இரண்டே சீட்டு என்பதால் பாய்க்கு இடமில்லை. நான் ஏற்கனவே எங்கள் வண்டியைத் தெருவில் இறக்கி, ஏசி போட்டுக் குளிர வைத்திருந்தேன்.

"பாய், நீங்க இதுல வாங்கோ. எனக்கும் பெசன்ட் நகர்ல ஓர்ப்படியைப் பாக்க வேண்டியிருக்கு."

"உங்களுக்கு எதுக்கு மாமி சிரமம்?" என்றார் பாய். சிரமமா!

இரண்டு வண்டிக்கும் நடுவே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டோம். சரோஜாதேவி உள்ளே இறங்கி உட்கார்ந்தபோது "அய்யோ என் முழங்காலு" என்றது எல்லோருக்கும் கேட்டது.

கிரீன்வேஸ் சாலை தாண்டியது. "முள்ளு நிக்கி பாய்." அடையாறு பாலம். "அப்படியே நிக்கி." டிப்போ சிக்னலில் நின்று, புறப்பட்டு, மறுபடி வேகமெடுத்தும், "அசையல."

"அவர் மூஞ்சி எப்படி இருக்கு சரோஜா?" என்று கேட்டேன்.

"மாமி, நீங்களும் லைன்ல இருக்கியளா?"

சாஸ்திரி நகரில் ஒரு வீட்டு வாசலில், நல்ல ஆகிருதியான ஒரு பெண்மணி வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். சிவப்பு வண்டி கிட்டே வந்ததும் கையை உயர்த்தினாள். அதுவரை நிதானமாகப் போன வண்டி அந்த இடத்தில் சீறிக்கொண்டு பறந்தது. உயர்த்திய கை அந்தரத்திலேயே நின்றது. ஆட்டோ என்று நினைத்துக் கை காட்டினாள் போல என்று விட்டுவிட்டேன். ஆட்டோவுக்கு யாராவது கரண்டியால் கை காட்டுவார்களா என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. என்னைச் சொல்கிறார்கள் எல்லாம் கவனிப்பவள் என்று.

பெசன்ட் நகர். மதுமதி வீட்டு வேகத்தடை. சிவப்பு வண்டி மெதுவாகி, முன்சக்கரம் ஏறி இறங்கி, பின்சக்கரம் ஏறி இறங்கி, சுயம்புலிங்கம் மிதித்தார். திக்கலாவது திணறலாவது! தேர் நிலையை விட்டுப் புறப்பட்ட மாதிரி கம்பீரமாகப் போனது. எனக்கே பரிதாபமாக இருந்தது. அவர் மறுபடி நிறுத்தி மறுபடி மிதித்தார். மறுபடியும் போனது. "திக்கேன்... ஒரு தடவை திக்கேன்..." என்று வண்டியைக் கெஞ்சியது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

பிறகு சரோஜாதேவியின் குரல், ரொம்ப அமைதியாக. "வீட்டுக்கு விடுங்க. மகேஷை வரச் சொல்லுதேன்."

"ஒரு நிமிசம் மேடம்," பாய் குறுக்கே பாய்ந்தார். அவருக்கும் மானப் பிரச்சினை. மஞ்சள் டை கட்டியவன் சொன்னதே சரி என்று ஆகிவிடுமே! "சார், ஓரமா நிறுத்துங்க. ஒண்ணு கேக்கறேன். தினம் இப்பிடித்தான் நிக்காம வர்றீங்களா?"

சிவப்பு வண்டி ஓரமாகப் போய் நின்றது.

"டாங்குல பெட்ரோல் கொஞ்சமா கீது. உள்ள கீற பம்பு கிழம். இன்ஜின்ல சுட்ட பெட்ரோல் திரும்பத் திரும்ப டாங்குக்கேதான் வரும். வண்டி ஓடிக்கினு இருந்தா காத்துல ஆறிப்பூடும். ஒரே எடத்துல நின்னுக்கினு, இன்ஜினை ஆஃப் பண்ணாம, ஏசியப் போட்டு ரொம்ப நேரம் வெச்சா டாங்கே கொதிக்கும். பம்புக்கு மூச்சு வாங்கும். அப்பத்தான் சார் திக்கும். ஓடுற வண்டிக்கு இந்த வியாதி வராது, நிக்கிற வண்டிக்குத்தான் வரும். நீங்க வர்ற வழியில எங்கியோ நிக்கிறீங்க. எங்க?"

"எங்க?" என்றாள் சரோஜாதேவி.

நான் கழுத்தை முன்னால் நீட்டியதில் ஸ்டீயரிங்கில் முட்டி ஹார்ன் அடித்துவிட்டது.

அந்த மனிதரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாயைத் திறக்காவிட்டால் வண்டி மகேஷுக்கு, மதுமதியின் பெயர் காலத்துக்கும் இவருக்கு. திறந்தால் வண்டி பிழைக்கும். இவர் பிழைப்பாரா என்பதுதான் தெரியாது.

"அக்கா வீட்டுல" என்றார்.



அக்கா என்றால் இசக்கியம்மாள். மகனோடு சாஸ்திரி நகரில் இருப்பவள். அவளுக்கும் சரோஜாதேவிக்கும் பேச்சு நின்றது இந்த ஃப்ளாட்டின் கிரகப்பிரவேசத்தன்று. நானும் பந்தியில் இருந்தேன், அதனால் முழுசாகத் தெரியும். சரோஜாதேவி தன் கையால் சொதி வைத்திருந்தாள். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் காய்களும் சேர்த்துச் செய்கிற அது திருநெல்வேலிக்காரர்களுக்கு வெறும் குழம்பில்லை. மாப்பிள்ளைக்கு விருந்து வைப்பதே அதை வைத்துத்தான். பால் மந்தம் தட்டாமலிருக்க இஞ்சிப் பச்சடி கூடவே வரும். அத்தனை பேர் முன்னால் ஒரு வாய் சாப்பிட்ட இசக்கியம்மாள், "குருமா நல்லாருக்கு" என்றாள். பட்டுப்புடவை கட்டி வந்தவளைப் பார்த்து நைட்டி நன்றாயிருக்கிறது என்று சொன்ன மாதிரி. அன்றே சுயம்புலிங்கத்தைத் திருச்செந்தூர் முருகன் மேல் சத்தியம் செய்ய வைத்தாள் சரோஜாதேவி. இனி அக்கா வீட்டு வாசப்படி மிதிப்பதில்லை.

"முருகன் மேல பண்ணின சத்தியம்" என்றாள் இப்போது.

"மிதிக்கல சரோஜா! ஒருநாள்கூட மிதிக்கல. வாசல்ல வண்டிய நிறுத்துவேன். அக்கா தட்டுல போட்டுக் கொண்டாருவா. வண்டிக்குள்ளயே உக்காந்து சாப்பிடுவேன். காலை வெளிய வெச்சதே இல்ல."

"ஏசியப் போட்டுக்கிட்டு."

"இந்த வெயில்ல ஏசி இல்லாம எப்படிச் சாப்பிட?"

"அவ்ளதான்!" என்று பாய் என் டாஷ்போர்டைத் தட்டினார். "கண்டுபுட்ச்சாச்சு!"

"அங்க தின்னுட்டு இந்தப் பக்கம் எதுக்கு வரணும்?"

"வாசனை போகணும்லா. பீச் பக்கம் கண்ணாடிய இறக்கிவிட்டு ஒரு சுத்து..."

தேங்காய்ப்பால் வாசனை கடற்காற்றில் போய்விட்டது. இஞ்சி வாசனை போகவில்லை. மதுமதியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று சரோஜாதேவி நினைத்தது ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது. மதுமதி என்றால் ஊரில் நாலு பேர் அவள் பக்கம் நின்றிருப்பார்கள். நாத்தனார் கைச் சோற்றுக்குப் புருஷன் ஓடுகிறான் என்று யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

இது எதுவும் புரியாத பாய் தன் தொழிலில் குறியாக இருந்தார். "மேடம், அங்கயே போயி அதே மாதிரி நின்னு பாக்கணும். இல்லன்னா பம்புதான்னு நான் எப்பிடி கேரண்டி சொல்றது?"

"போங்க" என்றாள் சரோஜாதேவி கடைசியில். "அவ வாசலுக்கே போங்க. நான் இறங்க மாட்டேன்."

"இறங்கவே வேணாம் மேடம். முள்ளைப் பாத்துக்கினு இருங்க."

இசக்கியம்மாள் அதே இடத்தில், அதே கரண்டியோடு நின்றாள். "ஏல சுயம்பு, நான் கூப்பிடக் கூப்பிட அப்படி என்னல பறக்க..." என்று ஆரம்பித்தவள் குனிந்து உள்ளே பார்த்து வாயை மூடினாள். பக்கத்துச் சீட்டில் சரோஜாதேவி கண்ணாடி வழியே மீட்டரைப் பார்த்தபடி சிலையாக இருந்தாள். இசக்கியம்மாள் திரும்பி உள்ளே போனாள். கதவை அறைந்து சாத்துவாள் என்று எதிர்பார்த்து, நான் எங்கள் வண்டியை விட்டு இறங்கி, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன்.

இரண்டு தட்டோடு வந்தாள். முதல் தட்டைச் சரோஜாதேவி பக்கத்து ஜன்னலில் நீட்டினாள்.

அன்றைக்கென்று பார்த்துச் சொதி. வெள்ளை வெளேரென்று சோற்றின் மேல், ஓரத்தில் இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல்.

சரோஜாதேவி தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாங்காமல் இருந்திருப்பாள். ஆனால் நீட்டிய தட்டு, தாழ்ந்த சீட்டு, ததும்பும் சொதி, கட்டியிருந்ததோ வெளிர்நிறச் சேலை. வாங்கிய பின்னும் தொடவில்லை. கண் முள்ளிலேயே இருந்தது. வெளியே வெயில் பொரிந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, பானெட் மேலே காற்று நெளிந்தது. "இன்னும் நேரமாவணும்" என்றார் பாய். வீட்டில் சாப்பிடாமல் கிளம்பியவள் அவள். அந்த வாசனையை மூடிய வண்டிக்குள் வைத்துக்கொண்டு எத்தனை நேரம்தான் முள்ளைப் பார்ப்பது?

ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டாள்.

நிதானமாக மென்றாள். சுயம்புலிங்கம் கவளத்தைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தார். இசக்கியம்மாள் கரண்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள். சரோஜாதேவி விழுங்கிவிட்டு, முதல் முறையாகக் கண்ணை முள்ளிலிருந்து எடுத்து, நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"குருமா நல்லாருக்கு மைனி."

சுயம்புலிங்கத்தின் கவளம் தட்டில் விழுந்தது.

"குருமாவா? மட்டனா?" என்று ஆவலாக எட்டிப் பார்த்தார் பாய்.

இசக்கியம்மாளின் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், நம்பிக்கையோடு காத்திருந்தேன். அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தோடு வந்தாள். சரோஜாதேவியின் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். சரோஜாதேவி தட்டை விலக்கவில்லை.

அதன் பிறகுதான் இசக்கியம்மாள் எங்களைப் பார்த்தாள். "வாங்க, நீங்களும் சாப்பிடுங்க." பாய் உடனே கையை நீட்டினார். நான் முறைப்படி, "வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றேன். இரண்டாவது முறை கேட்பார்கள், அப்போது 'கொஞ்சம்போல' என்று சொல்லலாம் என்று நின்றேன். "அப்படியா, சரி" என்று பாத்திரத்தை மூடிவிட்டாள்.

கடைசியில் பாய் கை கழுவிக்கொண்டு, "இப்ப எடுங்க சார்" என்றார். நாலு தெரு போவதற்குள் ஸ்பீக்கரில் சரோஜாதேவியின் குரல் மாறியது. "பாய், முள்ளு லேசா நடுங்குது." திருப்பம் தாண்டியதும், "இறங்குது பாய்." வேகத்தடை. முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது, சுயம்புலிங்கம் மிதித்தார்.

"விழுது! விழுது பாய், விழுந்துட்டு!" லாட்டரி விழுந்தவள்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டாள். சிவப்பு வண்டி சளி பிடித்தவன் மாதிரி இரண்டு இழுப்பு இழுத்து, சரியாக மதுமதியின் பலகைக்கு நேரே நின்றது. சுயம்புலிங்கம் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் கும்பிட்டார்.

கேட் திறந்தது. மதுமதி தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. என் ஓர்ப்படி போனில் வர்ணித்த அழகில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

"என்ன சார், இன்னைக்குமா?" என்றவள் உள்ளே குனிந்தாள். "ஓ, மேடமும் வந்திருக்காங்க!"

"வந்திருக்கேன்" என்றாள் சரோஜாதேவி. "பம்பு சூடாயிட்டு. வேற ஒண்ணுமில்ல. நின்னு எரிஞ்சா டாங்கு கொதிச்சுரும், ஓடினா வராது." பாய் என் பக்கத்தில் வாயைப் பிளந்தார். அவர் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாளே! "அது போகட்டும், இந்த வண்டியில ஏறி இறங்கி எனக்குத்தான் முழங்கால் பிடிச்சுக்கிட்டு. எப்ப வரலாம்?"

பம்பு மாற்றியாகிவிட்டது. மகேஷிடம், "வண்டி விக்கல" என்று சரோஜாதேவியே போனில் சொன்னாள். அவன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், அவனுக்கு அது பழக்கம்தான். பிள்ளையார் சாக்குத் தேங்காயைப் பெற்றுக்கொண்டார்.

இப்போது வண்டி எங்கேயும் திக்குவதில்லை. ஆனாலும் மத்தியானம் தவறாமல் போகிறது. பக்கத்துச் சீட்டில் சரோஜாதேவி, மடியில் மூடிய பாத்திரம். சாஸ்திரி நகர் வாசலில் நிறுத்தி, சத்தியத்துக்குப் பங்கமில்லாமல் இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். ஜன்னலில் குனிந்து நின்று இசக்கியம்மாள் இவள் கொண்டுபோனதை ருசி பார்த்துவிட்டு, "குருமா பரவால்ல" என்கிறாளாம். இவள், "உங்க குருமாவுக்கு உப்பு பத்தல மைனி" என்கிறாளாம். புருஷன்மேல் வைத்திருந்த சந்தேகத்தை எல்லாம் உப்பில் இறக்கிவிட்டாள்.

இதையெல்லாம் சரோஜாதேவியே சொன்னாள். கொத்தமல்லி கேட்டேன், கொடுத்தாள். சொதியைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். ஒரு கிண்ணம் தரட்டுமா என்று கேட்கவில்லை. ஒருமுறை வேண்டாம் என்று சொன்னேனே, அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

நேற்று மத்தியானம் சிவப்பு வண்டி இரண்டு தலைகளோடு தெருமுனை திரும்பியதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். ஈஸிசேரில் கிடந்த என் கணவரிடம், "ஏன்னா, நம்ம வண்டியும் சூடானா லேசா திக்கற மாதிரி இருக்கு. ஒருநாள் உச்சிவேளையில நாம ரெண்டு பேருமா சாஸ்திரி நகர் பக்கம் ஓட்டிப் பாக்கலாமா?" என்றேன்.

பேப்பரை இறக்காமலே சொன்னார்: "மைலேஜ் குறையும்."